துடைக்காத ஸ்ட்ரிப்புகளோடு பெங்களூரில் இரண்டு நாள்

பெங்களூர் போகிறவர்கள் பூங்கா பார்ப்பார்கள், தோசை சாப்பிடுவார்கள், பட்டுப்புடவைக் கடையில் அரை நாள் உட்காருவார்கள். நான் போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மீன் கெட்டுவிட்டதா இல்லையா என்று சொல்லும் ஒரு சின்ன ஸ்ட்ரிப்பைப் பரீட்சை எழுத வைப்பதற்காகப் போனேன். கடந்த பிப்ரவரியில் ஒரு வியாழனும் வெள்ளியும். இதே மாதிரி எதையாவது செய்து எடுத்துக்கொண்டு, ஊரில் யாரும் மதிக்கவில்லை என்ற கடுப்போடு பெங்களூருக்கு ரயில் ஏறப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ரயில் நேரமாவது உதவும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். எம்.எஸ்ஸி. படித்திருந்தாலும் பியூரெட் கழுவுகிற வேலைதான், அதில் எனக்கு வெட்கமில்லை. அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறார். விடிகாலையில் பெட்டி பெட்டியாக ஐஸில் வரும் மீனை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஐஸுக்குள் இருக்கும்போது கெட்ட மீனும் நாறாது. பத்து மணிக்குப் பலகையில் பரப்பிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். அப்போது பெட்டியை விற்றவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், திட்டு வாங்குவது அம்மா. ‘மீன்காரி ஏமாத்திட்டா’ என்பதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அது எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை.

மீன் செத்த பிறகு அதன் சதையில் ஹைப்போசாந்தைன் என்ற ஒரு பொருள் நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். அதைப் பிடித்துச் சிதைக்கிற நொதி ஒன்று உண்டு. அந்த நொதியை ஒரு கார்பன் மின்முனைமேல் தடவி, சதையைக் கரைத்த நீரை ஒரு சொட்டு விட்டால், சிதைவில் பிறக்கும் பொருள் மின்முனையில் சின்னதாக ஒரு மின்னோட்டத்தைக் கொடுக்கும். ஓட்டம் அதிகம் என்றால் மீன் பழையது. உள்ளங்கை அகலத்தில் ஓர் அளவுக் கருவி, அதற்கு ஒரு போன், அவ்வளவுதான். பெட்டிக்கு ஒரு சொட்டு, மூன்று நிமிடம். ஏலம் கேட்பதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இதைக் கல்லூரிக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பேராசிரியர், “மூக்கு எதுக்கும்மா இருக்கு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மூன்று வருடமாக நான் வேலை செய்தது போட்டோ கழுவிய காலத்துப் பழைய இருட்டறையில், பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதைத் தேர்வுத்தாள் கட்டு வைக்கும் அறையாக மாற்ற வேண்டும் என்று கல்லூரி முதல்வர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனம் இந்த மாதிரிக் கருவிகளை ஒரே மேசையில் வைத்துச் சோதிக்கிறது. பெயர் மறைத்த இருபது மாதிரிகளைத் தருவார்கள். கணக்கில் வருகிறவற்றில் நூற்றுக்கு எண்பது, அதாவது பதினாறையாவது சரியாக அளந்தால் தேர்ச்சி. தேர்ச்சி என்றால் அறை எனக்கு. இல்லையென்றால் திங்கட்கிழமை கட்டுகளுக்கு இடம் விட வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன்.

ஸ்ட்ரிப்பை எங்கே அச்சடிப்பது? வெளிநாட்டு ஸ்ட்ரிப் ஒன்றின் விலைக்கு எங்கள் மார்க்கெட்டில் ஒரு கிலோ சங்கரா வாங்கலாம். வழி காட்டியது அம்மாவின் எடை மெஷின். அதன் பட்டன் பலகை தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போக, உரித்துப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் தாளின்மேல் வெள்ளி மையில் கோடுகள், பட்டன் வருகிற இடத்தில் கறுப்பாகக் கார்பன் மை. எனக்கு வேண்டியதும் அதே இரண்டு மைதானே! எடை மெஷின் ரிப்பேர்காரரிடம் இந்தப் பலகை எங்கே செய்கிறார்கள் என்று கேட்டேன். பொம்மசந்திரா என்றார். போனில் பேசி, படம் அனுப்பி, சாம்பிளாகப் பன்னிரண்டு ஸ்ட்ரிப் கூரியரில் வாங்கினேன். பிரமாதமாக வேலை செய்தன. அந்தத் தைரியத்தில் நூற்றிருபது ஸ்ட்ரிப்புக்கு ஆர்டர் கொடுத்தேன். வியாழக்கிழமை நேரில் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சோதனையில் உட்காருவதாகத் திட்டம்.

ஜோலார்பேட்டையில் காலை 5.50-க்கு ரயில். இருக்கை முன்பதிவோடு 85 ரூபாய், 145 கிலோமீட்டர். நொதிக் குப்பியை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து இருக்கை அம்மா டீ கேட்டார். டீ இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெங்களூர் சிட்டி ஸ்டேஷனுக்கு 8.50, கால் மணி நேரத் தாமதம். வெளியே வந்ததும் மெட்ரோ. பச்சை வழியில் ஏறி ஆர்.வி. ரோட்டில் இறங்கி, மஞ்சள் வழிக்கு மாறினால் கடைசி நிறுத்தம் பொம்மசந்திரா. நான் போனபோது கட்டணம் 80 ரூபாய். மாறுமிடத்தில் கால் மணி நேரம் நின்றேன். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் நசுங்கிய பழைய அனுபவம் உள்ளவர்களுக்கு இது சொர்க்கம்.

மெட்ரோ வாசலில் பாதுகாப்புக்காரர் ஃபிளாஸ்கைத் திறக்கச் சொன்னார். “ஏனு மேடம் இது? மெடிசினா?” என்றார்.

“மெடிசின் மாதிரிதான். மீனுக்கு,” என்றேன். அவருக்குத் தமிழ் புரிந்ததா தெரியவில்லை, ஐஸைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

பொம்மசந்திரா ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குள் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். “ஏன்ணா, மீட்டர் போட்டா நூறு தாண்டாதே?” என்றேன். “உள்ள ரோடு சரியில்ல மேடம், ஸ்பிரிங்கு போவுது. நூறு குடுங்க, விடுங்க,” என்றார். ரோடு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

பட்டறை சின்னதுதான். நான்கு அச்சு மேசை, ஒரு நீள அடுப்பு, மை வாசனை. வாஷிங் மெஷின், எடை மெஷின் பட்டன் பலகைகள்தான் அவர்களுக்குச் சோறு. என் வேலையைச் செய்தவர் ரூபா. முப்பது வயதுக்குள் இருக்கும். பெங்களூரிலேயே பிறந்தவர், பெற்றோர் தர்மபுரிப் பக்கம். பதினோரு வருடமாக இரண்டாவது மேசை அவருடையது. போனில் மட்டும் பேசியிருந்தோம். என்னைப் பார்த்ததும், “வாங்கக்கா, மீன் டெஸ்ட்டு அக்காதானே? எப்டி வந்துகீது பாருங்க,” என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பத்து ஷீட், ஷீட்டுக்குப் பன்னிரண்டு ஸ்ட்ரிப். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன. நான் அங்கேயே ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

கிளம்புவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். அவர்கள் சாப்பாட்டு மேசையில் கருவியை வைத்து, ஒரு ஸ்ட்ரிப்பில் நொதி தடவி, சோதனைக் கரைசல் விட்டேன். போனில் கோடு அசையவில்லை. இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. ஐஸ் உருகி நொதி செத்துவிட்டதோ என்று எனக்குப் பதற்றம். இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தடவினேன், அடுத்ததில் அதைவிட அதிகமாக. பத்து ஸ்ட்ரிப் வீணான பிறகுதான், விட்ட சொட்டு மின்முனையில் ஒட்டாமல் முத்தாக உருண்டு நிற்பதைக் கவனித்தேன். முதல் ஸ்ட்ரிப்பிலேயே பார்த்திருக்க வேண்டியது. என் அவசர புத்தி, வேறென்ன? அதற்குள் நொதிக் குப்பியில் பாதி காலி. அந்த ஊரில் நினைத்தவுடன் வாங்கக் கூடிய பொருளும் இல்லை அது.

“ரூபா, இதுமேல ஏதாவது தடவினீங்களா?”

“தடவலக்கா. துடைச்சேன், அவ்ளோதான்.”

“எதால?”

அவர் ஒரு பாட்டிலைக் காட்டினார். சிலிகான் பாலிஷ். பட்டன் பலகைகளை அனுப்புவதற்கு முன் விரல் தடம் தெரியாமல் துணியில் தொட்டுத் துடைப்பார்களாம்.

“போன தடவ அனுப்பினதுல இது இல்லையே?”

“அது சாம்பிளுக்கா. சாம்பிள யாரு துடைப்பாங்க? இது ஆர்டரு. ஆர்டர கலீஜா குடுத்தா நல்லாவா இருக்கும்? உங்க வேலைன்னு ரெண்டு வாட்டி துடைச்சேன்.”

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? நான் அனுப்பிய படத்தில் எங்கே வெள்ளி, எங்கே கார்பன், எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாம் இருந்தது. துடைக்காதே என்று ஒரு வார்த்தை இல்லை. துடைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. துடைக்காமல் ஒருவர் வாங்குவார் என்பது அவருக்குத் தெரியாது. ஒழுங்காக வேலை செய்கிறவர் என்பதால் வந்த வினை. ஸ்பிரிட் வைத்துக் கழுவிப் பார்த்தோம், கார்பனே கையோடு வந்துவிட்டது.

நிறுவனத்துக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர், மல்லேஸ்வரத்துத் தமிழர். “கவலைப்படாதீங்க. எங்ககிட்ட வெளிநாட்டு மின்முனை இருக்கு, தர்றேன். இல்லேன்னா அடுத்த வருஷம் வாங்களேன்,” என்றார். அடுத்த வருடம் எனக்கு அறை ஏது? வெளிநாட்டு மின்முனையில் தேர்ச்சி பெற்று ஊருக்குப் போய் எதைச் செய்வது? அம்மாவால் வாங்க முடியாத ஸ்ட்ரிப்பை நான் ஏன் சோதிக்க வேண்டும்? “வேண்டாம் சார், என்னுடையதோடுதான் வருவேன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் முடியாது என்றார். சாயங்காலத்துக்குள் வாஷிங் மெஷின் ஆர்டர் போக வேண்டும், அடுப்பு ஃபுல், மேசை எதுவும் காலியில்லை. ரூபா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“சார், அவங்க அச்சு ஃபிரேம் இன்னும் கழுவல, அப்டியேகீது. சாப்பாட்டு டைம்ல நான் போட்டுக்கறேன்.”

“சாப்ட மாட்டியா?”

“ஒரு நாள் சாப்டலன்னா செத்தா போயிடுவேன்? கெடுத்தது நான் சார். நான்தான் போடணும்.”

“அடுப்பு?”

“நம்ம பலகைங்க நடுவுல சந்து இருக்கில்ல, அதுல உடறேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்.”

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஒரு மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் வெள்ளி, அடுப்பில் பத்து நிமிடம். பிறகு கார்பன், திரும்பவும் அடுப்பு. கடைசியில் நடுவில் மட்டும் மூடுகிற பூச்சு. ஃபிரேமின் வலைத்துணி வழியாக மையைத் தள்ளும் ரப்பர் பட்டையை இழுக்கும்போது ரூபா மூச்சை நிறுத்திக்கொள்வதைப் பார்த்தேன். நான் ஷீட்டைத் தூக்கி அடுப்பு வாயில் வைத்தேன், மறுமுனையில் ஓடிப்போய் எடுத்தேன். டீ இடைவேளையும் இதிலேயே போனது. நாலரைக்கு ஐந்து ஷீட், அறுபது ஸ்ட்ரிப். ஓரத்தில் விரல் தடம், இரண்டு இடத்தில் மை லேசாகக் கசிந்திருந்தது. ரூபாவுக்கு அதைக் கையில் கொடுக்கவே மனசில்லை. “இத எம் பேர் சொல்லிக் காட்டாதீங்கக்கா,” என்றார்.

“உங்க பேரைத்தான் சொல்வேன்,” என்றேன். ஒரு ஸ்ட்ரிப்பில் மட்டும் சோதித்தேன். கோடு துள்ளி எழுந்தது. இருவரும் கத்தியதில் மூன்றாவது மேசைக்காரர் மையைக் கொட்டிவிட்டார்.

தங்கியது ஒக்கலிபுரத்தில், சிட்டி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜ். ஒற்றை அறை 750 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு. ஏழு மணிக்குள் ஸ்ட்ரிப்பெல்லாம் கத்தரித்து, எது மக்கர் பண்ணுமோ என்ற பயத்தில், இருந்த பாதி நொதியை மீதி ஐம்பத்தொன்பதுக்கும் பங்கிட்டு ஒவ்வொரு சொட்டாக விட்டேன். மெல்லிசாகத்தான் வந்தது. இனி இரவு முழுக்கக் குளிரில் இருக்க வேண்டும். லாட்ஜில் ஒரே ஒரு ஃபிரிட்ஜ், மேனேஜர் மேசைக்குப் பின்னால். கேட்டேன்.

“மீன் சமாச்சாரம்னு போன்ல பேசிக்கினு இருந்தீங்களே? இது சுத்த வெஜிடேரியன் லாட்ஜும்மா. ஓனருக்குத் தெரிஞ்சா பேஜாரு.”

“மீன் இல்லைங்க. மீனைச் சோதிக்கிறது.”

“அது எதுல செஞ்சது? அதச் சொல்லுங்க மொதல்ல.”

“பசும்பாலில் இருந்து எடுத்தது.”

இது சத்தியமான உண்மை. அந்த நொதியைப் பாலிலிருந்துதான் பிரிக்கிறார்கள். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, பாலா? அப்ப பால் பாக்கெட்டு பக்கத்துலயே வைங்க,” என்று தானே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் நொதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. எங்கே உதவும் என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை 7.45-க்குக் கிளம்பினேன். சிட்டி ஸ்டேஷனை ஒட்டிய மெஜஸ்டிக்கிலிருந்து மல்லேஸ்வரத்துக்கு மெட்ரோவில் இரண்டே நிறுத்தம். ஃபில்டர் காபியும் இட்லியும் 70 ரூபாய், சாப்பிட்டது பாதி. பூக்கடைகளைத் தாண்டி நிறுவனத்துக்கு இருபது நிமிட நடை. ஒன்பதரைக்கு நான்கு குழுக்களை நான்கு மேசையில் உட்கார வைத்தார்கள். மற்ற மூன்று குழுவினரின் ஸ்ட்ரிப்புகள் அட்டைப்பெட்டியில், தனித்தனிப் பாக்கெட்டில், பெயர் பொறித்து வந்தன. என்னுடையவை லஞ்ச் பாக்ஸில். பக்கத்து மேசைப் பெண், “புரோட்டோடைப்பா மேடம்?” என்று இங்கிதமாகக் கேட்டார். “இல்ல, இதுதான்,” என்றேன்.

முதலில் ஒரு படிவம். கருவி எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை சரியாகக் காட்டும் என்று மாதிரியைத் தொடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். அந்த வரம்புக்கு வெளியே வருகிற மாதிரிகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மேல் வரம்பைக் காலியாக விட்டால், எல்லாவற்றையும் அளக்க ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நான் காலியாக விட்டேன். என் அறையில் இதுவரை அது எங்கும் முட்டி நின்றதில்லை.

மின்முனையை அச்சடித்தவர் என்ற கட்டத்தில் ‘ரூபா, இரண்டாம் மேசை, பொம்மசந்திரா’ என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த அலுவலர் கம்பெனி பெயர் கேட்டார். கம்பெனி அச்சடிக்கவில்லை, ரூபாதான் அச்சடித்தார் என்றேன். அவர் விட்டுவிட்டார்.

இருபது குப்பி, குப்பிக்கு இரண்டு ஸ்ட்ரிப், ஸ்ட்ரிப்புக்கு மூன்று நிமிடம். ஒரு மணிக்கு முன்பே முடித்துவிட்டேன். ஒரு ஸ்ட்ரிப்கூட மக்கர் பண்ணவில்லை. இரண்டு மணி நேரம் கேன்டீனில் உட்கார்ந்து அடுத்தவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மதிப்பெண் தாளை நீட்டினார். பதினைந்து. வேண்டியது பதினாறு.

தவறிய ஐந்தும் ஒரே ரகம். ஐந்துமே ஹைப்போசாந்தைன் மிக அதிகமாக இருந்தவை, அதாவது நன்றாகக் கெட்டுப்போன மீன். என் ஸ்ட்ரிப் ஓர் அளவுக்கு மேல் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. காரணம் எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அரைக் குப்பி நொதியை அத்தனை ஸ்ட்ரிப்புக்கும் பங்கிட்டேன் அல்லவா? சதையில் இருந்த அத்தனையையும் சிதைக்க நொதி போதவில்லை. அழுகிய மீனை, இன்றைக்குள் விற்றுவிடலாம் என்று காட்டியிருக்கிறது.

அவர் கதவைச் சாத்தினார். “இதோ பாருங்கம்மா. மேல் வரம்பு காலியா இருக்கு. அதுல ஒரு நம்பரை இப்ப எழுதிடுங்க. இந்த அஞ்சும் கணக்குல வராது. பதினஞ்சுக்குப் பதினஞ்சு. தேர்ச்சி.”

“இது காலையில எழுத வேண்டியது இல்லையா சார்?”

“காலையில மறந்துட்டீங்க. எல்லாக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டு, இதுல பொய் எதுவும் இல்ல. உங்க வேலை நல்ல வேலை. ஒரு கட்டம் காலியா இருந்ததுக்காக அது வீணாகக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார். நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. பேனாவைக் கையில் எடுத்தேன். மூடியையும் திறந்தேன். ஒரே ஒரு எண், அறை என்னுடையது. முதல்வர் முகம், அந்தப் பேராசிரியரின் மூக்கு, எல்லாம் கண்முன் வந்து போயின. அதோடு அம்மா ஏலத்தில் குனிந்து பெட்டியைப் பார்க்கிற காட்சியும் வந்தது.

“சார், நல்ல மீனை நல்ல மீன்னு சொல்றதுக்கு எங்க அம்மாவுக்கு ஸ்ட்ரிப் வேணாம். இந்த அஞ்சைப் பிடிக்கத்தான் வேணும். அதையே கணக்குல வராதுன்னு நானே எழுதினா, அப்புறம் நான் எதுக்கு இதைச் செஞ்சேன்?”

“அப்ப தேறலன்னுதான் போடணும்.”

“போடுங்க சார். பதினஞ்சுன்னே போடுங்க. மூணு வருஷத்துல நான் வாங்கின நல்ல மார்க் இது.”

குறிப்பு என்ற இடத்தில் ‘நொதி போதவில்லை, என் தவறு. அச்சில் குறையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, எழுந்து நின்று கை கொடுத்தார். வெளியே வந்து ஒரு மரத்தடியில் நன்றாக அழுதேன். அழுதால் என்ன, அழக்கூடாதா?

ரயிலுக்கு நேரம் இருந்ததால் ரூபாவுக்குப் போன் செய்தேன்.

“பாஸாக்கா?”

“இல்ல ரூபா. ஒண்ணுல போச்சு.”

“பிரிண்ட்டாலயா?”

“பிரிண்ட்டு பிரமாதம். மருந்து பத்தல. தப்பு என்னுது.”

“அப்ப விடுங்க. புதங்கெழம வேற ஷீட்டு போட்டு வைக்கறேன். வந்து எடுத்துக்கினு போங்க.” இன்னொரு முறை செய்வேனா என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு முதல்வருக்கு. பதினைந்து என்றதும், “அப்ப திங்கக்கிழமை ரூமைக் காலி பண்ணிடுங்கம்மா, பேசினபடி. கட்டெல்லாம் வருது,” என்றார். பேசியது பேசியதுதான், அதை நான் மறுக்க முடியாது. “கட்டு வரட்டும் சார். கட்டு வைக்க இடம் தருவேன். மேசையை நகர்த்துவேன்னு நான் பேசலையே,” என்றேன். மாலை 5.30 ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, 8.10-க்கு ஜோலார்பேட்டை.

இனி, போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. ரயிலில் இருந்து இறங்கி நேராக மெட்ரோ பிடியுங்கள், பத்து மணிக்கு மேல் மஞ்சள் வழியில் உட்கார இடம் கிடைக்கும். ஃபிளாஸ்க், குப்பி எதுவானாலும் என்ன என்று இரண்டு வரி எழுதிய தாள் ஒன்று கூடவே வைத்துக்கொண்டால் வாசலில் நேரம் மிச்சம். பொம்மசந்திராப் பட்டறைகளில் ஞாயிறு விடுமுறை, வியாழனில் வேலை நெருக்கடி, நேரில் போக உகந்தது புதன். அச்சுக்குக் கொடுக்கும்போது எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுவதோடு, வழக்கமாகக் கடைசியில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன், அதன் விலை ஐந்து மாதிரி. நொதியை ஒரே குப்பியில் கொண்டுபோகாதீர்கள். வரம்பு எழுதச் சொன்னால், தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்த பிறகு எழுதாதீர்கள். யாராவது அன்பாகப் பேனாவை நீட்டினால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு யோசியுங்கள்.

திங்கட்கிழமை கட்டுகள் வந்தன. நானே தூக்கி அடுக்கினேன், சொன்ன சொல்லுக்கு. மூன்று சுவரும் கூரைவரை தேர்வுத்தாள். நாலாவது சுவரில், இருட்டறைக் காலத்துக் கறுப்புத்தாளை நான் உரித்துவிட்ட ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே என் மேசை. இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ரூபாவின் புது ஷீட்டுகள் வந்துவிட்டன, நொதி முழுக் குப்பி. மூன்று நாள் வெயிலில் கிடந்த மத்தியைக் கரைத்து, நேற்று சொட்டு விட்டேன். கோடு ஏறிக்கொண்டே போனது, போன் திரையைத் தாண்டி.

அந்த நேரம் பார்த்து முதல்வர் கதவருகே வந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். “இன்னும் காலி பண்ணலையாம்மா?” என்றார். “கட்டெல்லாம் வெச்சாச்சு சார். உள்ள வாங்க, காட்டுறேன்,” என்றேன்.

அவர் உள்ளே வரவில்லை. நான் வெளியே போகவில்லை.